நாற்பது நாள் காவல்

1347ஆம் ஆண்டு அக்டோபரில் கருங்கடல் பக்கமிருந்து திரும்பிய ஜெனோவா வணிகர்களின் கப்பல்களோடு சிசிலியின் மெசினா துறைமுகத்தில் வந்திறங்கிய பிளேக், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும் வாரிக்கொண்டு போயிற்று; பாதிப்பேர் என்று கணக்கிடும் ஆய்வாளரும் உண்டு. பிற்காலத்தார் 'கருஞ்சாவு' என்று பெயரிட்ட அந்தக் கொள்ளைநோய் 1353 வாக்கில் ரஷ்ய நிலங்களில் தணிந்தபோது ஓய்ந்தது முதல் அலை மட்டுமே. 1361இல் அது மீண்டும் வந்து, முந்தைய அலைக்குப் பின் பிறந்தவர்களைக் குறிவைத்தாற்போல் மாய்த்ததால், இங்கிலாந்தில் 'குழந்தைகளின் சாவு' என்றே குறிக்கப்பட்டது.

முதல் அலை தணிந்ததன் காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. யெர்சினியா பெஸ்டிஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் பிளேக் அடிப்படையில் எலி போன்ற கொறி விலங்குகளின் நோய். எலி செத்து உடல் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சி வேறு உடலைத் தேடி மனிதரைக் கடிக்கிறது. நோய்க்கு ஆளாகக்கூடிய எலிகளும் மனிதரும் ஓர் ஊரில் குறைந்துபோய், குளிர்காலத்தில் தெள்ளுப்பூச்சிகளும் ஒடுங்கும்போது பரவல் தளர்ந்துவிடும். கிருமியே வலுவிழந்தது என்ற பழைய விளக்கத்துக்கு இன்று அவ்வளவு ஆதரவில்லை. லண்டனின் கிழக்கு ஸ்மித்ஃபீல்டில் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து 2011இல் மீட்டெடுக்கப்பட்ட அதன் மரபணுத் தொகுதி, இன்றைய பிளேக் கிருமியிலிருந்து மிகச் சிறிதளவே வேறுபட்டிருந்தது.

ஆகவே நிலையான முடிவு வேறு வழியில் வரவேண்டியிருந்தது. அதன் தொடக்கத்தை ஏட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்த ரகுசா என்னும் சிறு வணிகக் குடியரசில், அதாவது இன்றைய துப்ரோவ்னிக்கில், காணலாம். கடல் வணிகத்தால் பிழைத்த அந்நகரம் துறைமுகத்தை அடைத்தால் பட்டினி, திறந்துவைத்தால் சாவு என்ற நிலையில் இருந்தது. 1377 ஜூலை 27 அன்று அதன் பெருங்குழு இயற்றிய ஆணைப்படி, நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் மிர்கான் என்ற வெறும் பாறைத் தீவிலோ சாவ்தாத் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் நுழையலாம். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பிய காலத்தில், கிருமியைப் பற்றி ஏதும் அறியாமல், வெளிப்பார்வைக்கு நலமாக இருப்பவரையும் காத்திருக்கச் செய்தது பெரிய துணிவு. தொற்றியவரிடம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் குறி தெரிந்துவிடும் என்பதால் முப்பது நாள் தாராளமாகப் போதுமானது. பின்னர் அது நாற்பது நாளாக நீண்டது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் 'குவாரந்தா'விலிருந்தே 'குவாரண்டைன்' என்ற சொல் பிறந்தது. வெனிஸ் 1423இல் தன் உப்பங்கழித் தீவு ஒன்றில் பிளேக் நோயாளிகளுக்கென்று நிலையான மருத்துவமனையை அமைத்தது.

பிளேக்கின் முடிவுக்குக் காவலன்றி வேறு காரணம் சொல்வதும் உண்டு: 1666இல் லண்டனை எரித்த பெருந்தீதான் அங்கே பிளேக்கை ஒழித்தது என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக இருக்கிறது. ஆனால் நோய் கடுமையாகத் தாக்கிய புறநகர்ப் பகுதிகளில் பல அந்தத் தீயில் எரியவே இல்லை. நெருப்பைக் காணாத பிற ஊர்களிலிருந்தும் பிளேக் அக்காலத்திலேயே விலகிற்று.

காவல் தளர்ந்தால் என்ன நேரும் என்பதைப் பிரான்சின் துறைமுக நகரமான மார்செய் கொடுமையாகக் கற்றது. வழியிலேயே மாலுமிகள் இறந்திருந்தும், 1720 மே மாதம் சிரியக் கரையிலிருந்து வந்த 'கிராந்-சாந்-அந்துவான்' கப்பலின் சரக்குகள் முறையான தனிமைக் காலம் முடியுமுன்பே கரையேறின. அந்தச் சரக்கில் நகர ஆட்சியாளர்களுக்கும் பங்கிருந்தது. நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். நோய் வடக்கே பரவாமல் தடுக்க 1721இல் புரோவான்ஸ் மலைப்பகுதியில் கற்சுவர் எழுப்பிப் படைவீரரைக் காவல் நிறுத்தினர். 1722இல் நோய் ஓய்ந்தது. அதன் பின் மேற்கு ஐரோப்பாவில் அத்தகைய பெரும் பிளேக் வரவில்லை. மார்செயில் அந்த ஆண்டுகளில் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து கிடைத்த கிருமி, கருஞ்சாவுக் கிருமியின் நேர் வழித்தோன்றல் என்று தெரியவந்துள்ளது. அந்தக் கிளையைச் சேர்ந்த கிருமி இன்று உலகில் எங்கும் உயிருடன் இருப்பதாகக் கண்டறியப்படவில்லை.