மணலில் பிறக்கும் ஆமைக் குஞ்சுகள்



கலிபோர்னியாக் கடற்கரையில் கடல்யானை என்றொரு பிராணி குட்டி ஈனுகிறது. தாய் ஏறக்குறைய நான்கு வாரம் பாலூட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குட்டி தன் உடம்பிலுள்ள கொழுப்பைக் கொண்டு கரையிலேயே காலம் கழித்து, தானாக நீந்தப் பழகுகிறது.

நம் நாட்டுக் கரைகளில் முட்டையிடும் கடலாமைகளின் குஞ்சுகளுக்கு அந்த நான்கு வாரத் துணையும் கிடையாது. பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றதை நம்மில் பலர் அறிவோம். ஆமைக்கு ஆயாவும் மணல்தான், தொட்டிலும் மணல்தான்.

திரெங்கானு மாநிலத்து ராந்தாவ் அபாங் கடற்கரை, ஏழுவரி ஆமைக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. முதுகு வரிகள் பெலிம்பிங் பழத்தைப் போலிருப்பதால் மலாய் மொழியில் இதைப் பென்யூ பெலிம்பிங் என்பார்கள். தாய் ஆமை இரவில் கரையேறிக் குழி தோண்டி, முட்டையிட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பிவிடும். சுமார் 60 நாளில் குஞ்சுகள் பொரித்து, ஒன்றாக முண்டி மேலே வருகின்றன. பெரும்பாலும் மணல் குளிர்ந்த இரவு நேரத்திலேயே வெளிப்படுகின்றன. கடல்பக்கம் தெரியும் வெளிச்சத்தை நோக்கியே ஓடுகின்றன. கரையில் விளக்கு எரிந்தால் வழி தவறிவிடும். நண்டும் பறவையும் மீனும் காத்திருப்பதால், வளர்ந்து பெரிதாவது மிகச் சிலவே.

இன்னொரு வியப்பு: குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு கூடினால் பெண் குஞ்சுகளே அதிகம். ராந்தாவ் அபாங்கில் முட்டைகளைக் காப்பாற்ற அடைகாப்பகம் அமைத்தார்கள். ஆனால் 1980களில் அங்கே பொரித்தவை அநேகமாக எல்லாமே பெண் குஞ்சுகள் எனப் பின்னர் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆண் துணையில்லாமல் இடும் முட்டை பொரிக்காதல்லவா? நல்லெண்ணம் மட்டும் போதாது, இயற்கையின் கணக்கும் தெரிய வேண்டும்.

1950களில் அங்கே ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் இருந்தன. 1990களில் அவை மிக மிகக் குறைந்துவிட்டன. பல்லாண்டுகள் முட்டைகளை எடுத்துத் தின்றதும், மீன்வலைகளில் சிக்கி ஆமைகள் மடிந்ததும் முக்கியக் காரணங்கள். 2022 ஜூன் முதல் திரெங்கானுவில் எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனையும் தடை செய்யப்பட்டுள்ளது.

கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் பள்ளி விடுமுறையில் கிழக்குக் கரைக்குப் போகும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ளட்டும். ஆமை முட்டையை வாங்காதீர்கள். இரவில் கரையில் கைவிளக்கை அடிக்காதீர்கள். குஞ்சைக் கையில் எடுக்காமல், அதன் வழியை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். இன்னமும் கரையேறி வரும் பச்சை ஆமைகளாவது நம் பேரப்பிள்ளைகளின் கண்ணுக்குத் தப்பாமல் இருக்க வேண்டும்.