அவுரிக் கட்டியில் நிஜ நீலம் எவ்வளவு? பர்ப்பிள் சொட்டுகள் சொல்லும் கணக்கு

ஜீன்ஸுக்கு நீலம் தருவது இண்டிகோட்டின் என்ற மூலக்கூறு. அவுரி இலையிலிருந்து எடுக்கும் கட்டியிலும் இருப்பது அதேதான். ஆனா கட்டி முழுக்க அது மட்டும் இல்லை. சுண்ணாம்பு, மண், இலைக்கசடு எல்லாம் கலந்திருக்கும். ஒரு கட்டியில் 20% நீலம், இன்னொன்றில் 60%-க்கும் மேல். பார்வைக்கு ரெண்டும் கருநீலம்தான். அப்போ எதை நம்பி விலை பேசுவது?

இதற்கான பழைய வழி டைட்ரேஷன். பிளஸ் டூ லேபில் பியூரெட் பிடித்தவர்களுக்குப் பழகிய வேலைதான். கட்டியை மாவாக அரைத்து, எடைபோட்டு, அடர் கந்தக அமிலத்தில் சூடுபடுத்திக் கரைப்பார்கள். ஆறியதும் அந்தக் கரைசலைத் தண்ணீரில் மெதுவாக ஊற்றுவார்கள். மாற்றி, அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும், ஆபத்து. வடிகட்டிய நீலக் கரைசலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, அது ஆக்சிஜனேற்றம் செய்து மூலக்கூறை நடுவில் உடைக்கும். நீலம் பச்சையாகி, கடைசியில் மஞ்சளாகும். பச்சை மறையும் சொட்டுதான் முடிவு.

சுத்தமான இண்டிகோட்டினுக்கு 20 மில்லி செலவானது, அதே எடை கட்டிக்கு 9 மில்லி என்றால், நீலம் 45%. அவ்வளவுதான் கணக்கு.

சுவாரசியம் என்னன்னா, டைட்ரேஷனின் தொடக்கக் கதையிலேயே இண்டிகோ இருக்கிறது. பிரான்ஸின் ரூவான் நகரில் டெஸ்க்ருவாசில் 1795-ல் வெளியிட்ட முறை இதன் தலைகீழ்: துணி வெளுக்கும் குளோரின் நீரின் வீரியத்தை இண்டிகோ கரைசலை வைத்து அளந்தார்.

ஆனா ஒரு சிக்கல். பெர்மாங்கனேட் நீலத்தை மட்டும் தேடிப் போய் உடைக்காது; கசடில் உள்ள தாவரப் பொருட்களையும் தின்னும். அதனால் விடை நிஜத்தைவிடக் கூடுதலாக வரும், வாங்குபவருக்கு நஷ்டம். அமிலக் கரைசலில் உப்பைப் போட்டு நீலத்தை மட்டும் படியவைத்து, கழுவி, மறுபடி கரைத்து அளந்தால் பிழை குறையும். இந்த வேலையைச் செய்தார்களா என்று ரிப்போர்ட் தரும் லேபிடம் கேட்பது நல்லது.

இன்னொன்றையும் இந்த டெஸ்ட் சொல்லாது: நீலம் செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்தா? 1897 முதல் விற்பனையில் இருக்கும் செயற்கை இண்டிகோவும் அதே மூலக்கூறுதான். அதைக் கலந்தால் சதவீதம் ஏறத்தான் செய்யும். கலப்படத்தைப் பிடிக்க கார்பன்-14 சோதனை வேணும். பெட்ரோலியத்திலிருந்து வந்த நீலத்தில் அது இருக்காது.