அட்டைக்கு மார்க் போடும் கம்ப்யூட்டர்!

சிகரெட் பெட்டிக்குள் அடங்கிவிடும் சிறு அட்டை அது. 1991-ம் ஆண்டு நியூயார்க் ஏலத்தில் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று. 2007-ல் அதன் விலை 28 லட்சம் டாலர்!

அட்டையில் இருப்பது ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் படம். 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி ஒன்று சிகரெட்டுடன் இனாமாகக் கொடுத்தது. தம் படத்துக்காகச் சிறுவர்கள் புகையிலை வாங்கக் கூடாது என்று வாக்னர் தடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். அதனால் வெளிவந்தவை சொற்பமே.

10-க்கு எத்தனை?

விளையாட்டு வீரர்களின் பட அட்டைகளைச் சேர்ப்பது அமெரிக்காவில் பெரிய வியாபாரம். 1952-ல் வெளியான மிக்கி மாண்டில் அட்டை ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது.

விலையை முடிவு செய்வது மார்க். மூலை மழுங்கியதா, ஓரம் பிய்ந்ததா, மேலே கீறல் உண்டா, படம் நடுவில் இருக்கிறதா என்று நிபுணர்கள் பார்த்து 10-க்கு இத்தனை என்று போடுவார்கள். பிறகு பிளாஸ்டிக் உறையில் வைத்து முத்திரையிடுவார்கள். ஒரு மார்க் குறைந்தால் விலை பாதிக்கும் கீழே போவதுண்டு.

வெளுத்தது சாயம்

'பி.எஸ்.ஏ.' என்ற கம்பெனி 1991-ல் முதன்முதலாக மார்க் போட்டது அந்த வாக்னர் அட்டைக்குத்தான். கிடைத்தது 8.

ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 1985-ல் அதை 25 ஆயிரம் டாலருக்கு வாங்கியவர். 2013-ல் ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அட்டையின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதையும் அவர் ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்கு மார்க் போடுவதில்லை என்பது விதி!

மனிதக் கண் தவறலாம், மனமும் சாயலாம். அதனால்தான் கம்ப்யூட்டரைக் கூப்பிடுகிறார்கள்.

எப்படிப் பார்க்கிறது?

பல கோணங்களில் வெளிச்சம் பாய்ச்சி அட்டையைப் படம் எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலும் பள்ளமும் அதில் தெரியும். ஓரத்து வெள்ளைப் பகுதியை இயந்திரம் நுணுக்கமாக அளக்கிறது. கைரேகையைப் போல ஒவ்வோர் அட்டையின் அடையாளத்தையும் பதிவு செய்து வைக்கலாம். அதே அட்டை பின்னொரு நாள் ஓரம் குறைந்து வந்தால் பிடிபடும். இத்தகைய தொழில்நுட்பம் கொண்ட கம்பெனி ஒன்றை 2021-ல் பி.எஸ்.ஏ.யின் தாய் நிறுவனம் வாங்கியது.

ஆனால் ஒரு சிக்கல். செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் சொல்ல, மனிதர்கள் ஏற்கெனவே மார்க் போட்ட அட்டைகளின் படங்களைக் கொடுக்கிறார்கள். ஓரம் வெட்டிய அட்டைக்கு 8 போட்டது போன்ற தவறு அவற்றில் கலந்திருந்தால், இயந்திரமும் அதையே படிக்கும்.

தராசு எவ்வளவு நயமானதாக இருந்தாலும் எடைக்கல் சரியாக இருக்க வேண்டும் அல்லவா?