உரத்தை உறிஞ்சும் வேர் எது? பீட்டா கதிரைப் படம் பிடிக்கும் கருவிகள்

ஜொகூரில் குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கம் ரப்பர் மரத்துக்கு உரம் போட்டவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மரத்தடியில் குவிப்பதா, இரண்டு நிரைக்கு நடுவே வீசுவதா? வேர் எடுக்காத இடத்தில் விழுந்த உரம் அடுத்த மழையில் கால்வாய்க்குப் போய்விடும். சிறுதோட்டக்காரருக்கு அது கைக்காசு.

இதற்கு விடை தேட நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கதிரியக்கத்தையே பயன்படுத்தியது. இ. புஷ்பராஜா உள்ளிட்ட ஆய்வாளர்கள், ரப்பர் மரத்தின் எந்த வேர்கள் சுறுசுறுப்பாக உறிஞ்சுகின்றன என்பதை பாஸ்பரஸ்-32 கொண்டு ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டனர். பாங்கியில் ஆய்வு அணு உலை இயங்கத் தொடங்கியதே 1982-இல்தான் என்பதை நினைத்தால், அது துணிச்சலான வேலை.

பாஸ்பரஸ்-32 வெளியிடுவது பீட்டா கதிர், அதாவது வேகமாகப் பாயும் எலக்ட்ரான். சாதாரண எண்ணும் கருவி அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். இலையில் எந்த நரம்பில், வேரில் எந்த நுனியில் என்று சொல்லாது. அதற்குப் படம் வேண்டும்.

முன்பு காய்ந்த இலையை எக்ஸ்ரே பிலிமில் ஒட்டி இருட்டில் வைத்தார்கள். நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாஸ்பரஸ்-32-ஓ 14 நாளில் பாதியாகிவிடும். 1980களில் வந்த, லேசர் கொண்டு படிக்கும் பதிவுத் தகடுகள் அந்தக் காத்திருப்பைக் குறைத்தன.

ஆனால் மங்கல் தீரவில்லை. டிரிட்டியத்தின் பீட்டா, நீரில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூடப் போகாது. அதனால் படம் கூர்மையாக விழும். பாஸ்பரஸ்-32-இன் எலக்ட்ரானோ சுமார் 8 மில்லிமீட்டர் வரை வளைந்து நெளிந்து ஓடும். அது கிளம்பிய இடம் ஒன்று, தடம் பதிவது வேறு பல இடம்.

ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகக் கூட்டணியில் உருவான டைம்பிக்ஸ் சில்லு இதை வேறுவிதமாக அணுகுகிறது. விரல் நக அளவுள்ள அதில் 65,536 புள்ளிகள். ஒவ்வொன்றும் 55 மைக்ரோமீட்டர். ஒவ்வொரு எலக்ட்ரானின் தடமும் தனித்தனியே பதிவாகும். எலக்ட்ரான் ஓட்டத்தின் கடைசியில் ஆற்றலை அதிகம் கொட்டும். ஆகவே தடத்தின் எந்த முனை வால், எந்த முனை தலை என்று கணினி பிரித்து, நுழைந்த புள்ளியை மட்டும் படத்தில் வைக்கலாம்.

இதை முற்றிய மரத்தில் செய்ய வழியில்லை. சில மில்லிமீட்டர் மண்ணே பீட்டாவை மறைத்துவிடும். மெல்லிய பெட்டியில் வளர்த்த நாற்றின் வேரைத்தான் இப்படிப் பார்க்க முடியும்.