இலையை ரோபோ அள்ளும். நீரை யார் கவனிப்பது?

தெப்ராவ் என்றதும் பேரங்காடிகளும் சாலை நெரிசலும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சற்று உள்ளே போனால் இன்னொரு தெப்ராவைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த மவுண்ட் ஆஸ்டினிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் சொந்த நீச்சல் குளம் உள்ள வீடுகள் பல இருக்கின்றன. வார இறுதியில் வாடகைக்கு விடப்படும் ஹோம்ஸ்டே வீடுகளிலும் பிள்ளைகளை முதலில் ஈர்ப்பது குளம்தான்.

இப்படிப்பட்ட குளங்களைப் பராமரிப்பது என் மாமாவின் தொழில். நான் மெக்கட்ரோனிக் பயிலும் மாணவி. விடுமுறை நாள்களில் அவருக்குத் துணையாகப் போவேன். நீண்ட கழி, வலை, தூரிகை, உறிஞ்சு குழாய் ஆகியவைதான் எங்கள் ஆயுதங்கள். ஒரு குளத்தின் தரையையும் சுவரையும் கையால் தேய்த்து முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

அண்மைக் காலமாக வாடிக்கையாளர் வீடுகளில் ஒரு புதிய விருந்தாளியைப் பார்க்கிறோம். அது கம்பியில்லா ரோபோ துப்புரவு இயந்திரம். மின்கலத்தில் ஓடும். நீருக்குள் இறக்கிவிட்டால் தானே தரையில் ஊர்ந்து, சுவரில் ஏறி, இலையையும் மணலையும் விழுங்கிவிடும். விலை ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட்டில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது.

“இனிமேல் குளத்துக்கு ஆள் தேவையில்லை அல்லவா?” என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு இது சோற்றுப் பிரச்சினை. பிள்ளைகளைக் குளத்தில் இறக்கும் பெற்றோருக்கு இது பாதுகாப்புப் பிரச்சினை. எனவே, இந்த இயந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பள்ளிப் பாடத்தின் துணையோடு பார்ப்போம்.

கருவியின் பயணம்

குளத்தில் தானாக ஊரும் கருவி புதிதல்ல. தென்னாப்பிரிக்காவில் பெர்டினண்ட் ஷோவியே என்ற பொறியியலாளர் 1974-இல் ‘கிரீப்பி கிராலி’ என்ற கருவியை உருவாக்கினார். அதற்கெனத் தனி மின்சாரம் கிடையாது. குளத்தின் நீரேற்றியோடு ஒரு குழாயால் இணைத்துவிட்டால், நீரேற்றியின் உறிஞ்சு விசையே அதைத் தரை முழுவதும் நகர்த்தும்.

மின்கம்பி பூட்டிய ரோபோக்களும் வந்தன. நீரும் மின்சாரமும் ஒன்றுசேரக் கூடாது என்பதால், கரையில் ஒரு மின்மாற்றியை வைத்து, வீட்டு மின்சாரத்தைக் குறைந்த மின்னழுத்தமாக மாற்றி அனுப்பினார்கள். ஆனால், கம்பி முறுக்கிக்கொள்வது பெரிய தொல்லையாக இருந்தது.

அந்தக் கம்பியை அறுத்தது லித்தியம் அயனி மின்கலம். 1991-இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த மின்கலத்துக்கு அடித்தளமிட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அக்கிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உங்கள் விவேகக் கைப்பேசியில் இருப்பதும் அதே குடும்பத்து மின்கலம்தான்.

சுவரில் எப்படி ஏறுகிறது?

ரோபோவுக்குள் ஒரு சிறிய நீரேற்றி இருக்கிறது. அது அடிப்பக்கத்திலிருந்து நீரை உறிஞ்சி, வடிகட்டிக்குள் செலுத்தி, மேற்பக்கம் வேகமாக வெளியேற்றுகிறது. நீர் ஒரு பக்கம் பாயும்போது, இயந்திரம் எதிர்ப்பக்கமாக அழுத்தப்படுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. இந்த அழுத்தம்தான் அதைத் தரையோடும் சுவரோடும் ஒட்டவைக்கிறது. நீரின் மிதப்பு விசை எடையைப் பெரும்பாலும் ஈடுசெய்வதால், சக்கரங்கள் எளிதாக மேலே ஏறுகின்றன.

வழி தெரிவது எப்படி? நீருக்குள் ஜிபிஎஸ் அலை எட்டாது. வைஃபை அலையையும் நீர் விரைவில் உட்கிரகித்துவிடும். அதனால்தான் குளத்தின் அடியில் இருக்கும் பல ரோபோக்களுக்குக் கைப்பேசியிலிருந்து கட்டளை போய்ச் சேர்வதில்லை. திசையும் சாய்வும் அறிய உள்ளேயே உணரிகள் உள்ளன. விலை குறைந்தவை சுவரில் முட்டித் திரும்பும். விலை கூடியவை வரிசை வரிசையாக உழவு ஓட்டுவதுபோல் போகும். மின்கலம் தீரும் நிலையில் சுவரோரம் வந்து நிற்கும். கழியில் மாட்டிய கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம்.

மின்செலவு மிகக் குறைவு. 25 வோல்ட், 5 ஆம்பியர்-மணி மின்கலம் என்று வைத்துக்கொள்வோம். 25 × 5 = 125 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. குளத்தின் 750 வாட் நீரேற்றி எட்டு மணி நேரம் ஓடினால் 6 யூனிட் ஆகும்.

இதைப் பார்த்து, “நீரேற்றியை நிறுத்திவிட்டு ரோபோவை மட்டும் ஓட்டினால் என்ன?” என்று தோன்றலாம். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

தெளிந்த நீர் தூய நீரா?

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ரோபோ வாங்கியதும் அவர்கள் மாமாவின் வாராந்திர வருகையை நிறுத்திவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அழைப்பு வந்தது. பிள்ளைகளுக்குக் கண் சிவந்து எரிகிறதாம். போய்ப் பார்த்தோம். தரையில் ஒரு இலைகூட இல்லை. அடியில் பதித்த ஓடுகளின் கோடு துல்லியமாகத் தெரிந்தது. குளத்தின் அழகைப் பார்த்தவர்கள் குறை சொல்லவே மாட்டார்கள்.

மாமா நீரை எடுத்துச் சோதித்தார். கிருமியைக் கொல்லக்கூடிய குளோரின் ஏறக்குறைய இல்லை. பி.எச். அளவு 8.2. “பார்த்தியாம்மா, மெஷின் இலையைத்தான் அள்ளும். தண்ணிய நாமதான் பார்க்கணும்” என்றார்.

காரணம் எளிது. இந்த ரோபோக்கள் பலவற்றில் வடிகட்டியின் துளை ஏறக்குறைய 180 மைக்ரோன். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரோன் அளவுதான். ஈ.கோலை பாக்டீரியா 2 மைக்ரோன் நீளமே இருக்கும். மீன் வலையில் எறும்பைப் பிடிக்க முடியுமா? மிக நுண்ணிய வடிகட்டி பூட்டினாலும், அது கிருமிநாசினிக்கு ஈடாகாது. கிருமியைக் கொல்வது குளோரின். அதைக் குளம் முழுவதும் கொண்டுசேர்ப்பது நீரேற்றி. இந்த இரண்டு வேலைகளையும் துப்புரவு ரோபோ செய்வதில்லை.

பி.எச். ஏன் முக்கியம்? குளோரினை நீரில் இட்டால் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. அதுதான் கிருமிகளை வேகமாகக் கொல்லும். அதன் ஒரு பகுதி ஹைப்போகுளோரைட் அயனியாக மாறிவிடும். அதன் வீரியம் மிகக் குறைவு. பி.எச். 7.5-இல் இரண்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 8-இல் வீரியமுள்ள பகுதி நான்கில் ஒன்றாகக் குறைகிறது. 8.2-இல் ஆறில் ஒன்றுதான். அதாவது, அதே குளோரின், அதே செலவு, ஆனால் பயன் மிகக் குறைவு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பி.எச். 7.0 முதல் 7.8 வரையும், குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராமும் இருக்க வேண்டும் என்கிறது.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. “குளோரின் வாசம் பலமாக அடிக்கிறது, குளம் சுத்தமாக இருக்கிறது” என்பார்கள். அந்த நெடி பெரும்பாலும் குளோரமின் என்ற சேர்மத்தினுடையது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போது அது உண்டாகிறது. கண்ணை எரிக்கச் செய்வதில் அதற்கும் பங்குண்டு. குளிப்பதற்கு முன் உடலைக் கழுவிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

கணக்குப் பாடம் குளக்கரையில்

எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் எவ்வளவு நீர்? 8 × 4 × 1.4 = 44.8 கன மீட்டர், அதாவது 44,800 லிட்டர். குளோரினை லிட்டருக்கு 2 மில்லிகிராம் உயர்த்த, 89.6 கிராம் தேவை. தூளில் 65 விழுக்காடு குளோரின் வீரியம் இருந்தால், ஏறக்குறைய 138 கிராம் தூள் போட வேண்டும். கண்ணளவில் கரண்டி கரண்டியாகக் கொட்டுவதற்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள வேறுபாடு, பிள்ளைகளின் கண்ணில்தான் தெரியும்.

ஜொகூரின் வெயிலையும் மழையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் குளோரினைச் சிதைக்கிறது. கனமழை நீரை நீர்த்துப்போகச் செய்து, இலையையும் மண்ணையும் கொண்டுவந்து சேர்க்கிறது. எனவே, பெருமழைக்குப் பின் ரோபோவை இறக்குவதோடு நீரையும் சோதிப்பது நல்லது.

பாதுகாப்பு விதிகள்

ரோபோ உள்ள வீட்டில் இருப்பவர்களும், அதைக் கையாளும் வேலைக்குப் போகும் இளையோரும் இவற்றை மனத்தில் வைக்க வேண்டும்:

• ரோபோ நீரில் இருக்கும்போது யாரும் குளிக்கக் கூடாது.

• மின்னேற்றும் முன், இணைப்புத் துளையை நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். மின்னேற்றுவது நிழலில், குளத்திலிருந்து தள்ளி, ஆள் பார்வையில் நடக்க வேண்டும்.

• வேலை முடிந்ததும் ரோபோவை வெளியே எடுத்து, வடிகட்டியைக் கழுவ வேண்டும். நீரிலேயே ஊறப்போட்டால் ரப்பர் அடைப்புகள் கெடும்.

• நீர் பச்சையாகிவிட்டால் முதலில் தேவை இரசாயனச் சிகிச்சையும் நீரேற்றியும். பாசியை அள்ள ரோபோவை இறக்கினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

• குளோரினோடு அமிலத்தைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு வெளிவரும். இரு வகைக் குளோரின் தூள்களை ஒன்றாகக் கலப்பது தீப்பற்றவும் வெடிக்கவும் வழிவகுக்கும். இரசாயனத்தை நீரில் சேர்க்க வேண்டுமே தவிர, இரசாயனத்தின் மீது நீரை ஊற்றக் கூடாது.

• உயிர் போன மின்கலத்தைக் குப்பைத்தொட்டியில் வீசக் கூடாது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

வாடகைக்கு ஆள் வராத ஹோம்ஸ்டே குளங்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. நீரேற்றி நின்று, குளோரினும் தீர்ந்துவிட்டால், அது தேங்கிய நீர்தான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அடியில் ஊரும் ரோபோ மேலே நெளியும் கொசுப் புழுவைத் தடுக்காது. வளாகத்தில் கொசு பெருக இடம் கொடுத்தால், 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர் மீது நடவடிக்கை எடுக்கலாம்.

கால்வாய்க்குப் போகும் நீரையும் மறக்க வேண்டாம். 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டதால், ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டுக் குளத்தின் அளவு அதற்கு ஈடல்ல. ஆனால், குளோரின் மிகுந்த நீரைக் கால்வாயில் விட்டால், அது ஆற்றில் உள்ள மீனுக்குக் கேடு. குளோரின் வெயிலில் தீர்ந்த பிறகே நீரை வெளியேற்ற வேண்டும். இங்கே ரோபோவுக்கு ஒரு நற்பெயர் உண்டு. அழுக்கைத் தன் கூடையிலேயே பிடித்துக்கொள்வதால், குளத்தின் பெரிய வடிகட்டியைக் கழுவி நீரை வீணாக்கும் தேவை குறைகிறது.

வேலை போய்விடுமா?

மாமாவின் வருமானம் சில வீடுகளில் குறைந்ததை மறைக்க முடியாது. வாரம் ஒருமுறை அழைத்தவர்களில் சிலர் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் அழைக்கிறார்கள். தேய்ப்பது, அள்ளுவது மட்டுமே தெரிந்தவருக்கு இந்த இயந்திரம் போட்டியாளர்தான். ஆனால், கண் எரிச்சல் கண்ட அந்த வீட்டார் மாமாவை மறுபடியும் அழைத்துக்கொண்டார்கள். இப்போது அவர் அங்கே தேய்ப்பதில்லை. நீரைச் சோதிக்கிறார், இரசாயன அளவைத் திருத்துகிறார், நீரேற்றியைப் பார்க்கிறார். ரோபோவின் தூரிகையையும் சக்கரப் பட்டையையும் மாற்றுவது என் பங்கு.

எஸ்.பி.எம். முடித்து அடுத்து என்ன என்று யோசிக்கும் மாணவர்களே, ஓர் இயந்திரம் ஒரு தொழிலுக்குள் நுழையும்போது, “இது எந்த வேலையை எடுத்துக்கொள்ளும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இதற்குத் தெரியாத வேலை எது? அதைக் கற்றவர் எத்தனை பேர்?” என்றும் கேளுங்கள். குளத் தொழிலில் அதற்கான விடை இரசாயனப் பாடத்திலும் மின்னியலிலும் கணக்கிலும் இருக்கிறது. தொழிற்கல்லூரி, பாலிடெக்னிக் வகுப்புகள் இதற்கான கதவைத் திறந்துவைத்திருக்கின்றன.

இந்த விடுமுறையில் ஹோம்ஸ்டேக்குப் போகிறீர்களா? குளத்தில் குதிக்கும் முன், “கடைசியாக எப்போது நீரைச் சோதித்தீர்கள்? பி.எச். எவ்வளவு?” என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். உடனே பதில் சொல்பவரின் குளத்தில் நம்பி இறங்கலாம். “ரோபோ இருக்கிறதே” என்று மட்டும் பதில் வந்தால், தம்பி தங்கைகளைச் சற்று நேரம் கரையிலேயே உட்காரவையுங்கள்.