ஒழுகும் ஹீட்டர் கோர்: வீட்டில் எதுவரை கைவைக்கலாம்?

சென்னையிலோ மதுரையிலோ கார் வைத்திருப்பவர்களில் பலர் ஹீட்டரை ஒருமுறைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். காருக்குள் ஹீட்டர் கோர் என்று ஒன்று இருப்பதே அது ஒழுகும்போதுதான் தெரியவரும். போடாத ஹீட்டர் எப்படிக் கெட்டது என்று கேட்பது நியாயம்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஏசி பெட்டிக்குள் பதுங்கியிருக்கும் சின்ன ரேடியேட்டர் அது. எஞ்சினில் சூடேறிய கூலன்ட் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய் இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் ஹீட்டர் குமிழ் இந்த ஓட்டத்தை நிறுத்துவதில்லை. உள்ளே ஒரு தடுப்பை அசைத்துக் காற்றை அதன் வழியே விடுகிறது, அல்லது ஒதுக்கிவிடுகிறது. ஆகவே சித்திரை வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு போகும்போதும் கொதிக்கும் கூலன்ட் முழங்காலுக்கு ஓரடி தள்ளி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதில் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் நம் ஊர்ப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. கூலன்ட்டில் உள்ள துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போக, உப்புத் தண்ணீர் மெல்லிய அலுமினியக் குழாய்களை உள்ளிருந்து அரிக்கிறது.

இந்தப் பழுதில் ஆளை மிரட்டுவது பொருளின் விலை அல்ல, கூலி. பல கார்களில் கோரை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் வேலை. எஸ்டிமேட்டைப் பார்த்ததும் வீட்டிலேயே கழற்றிவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு; பார்த்துச் செய்ய வீடியோக்களும் இருக்கின்றன. ஆனால் வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் பட்டறையில் செய்ய வேண்டிய வேலையும் இங்கே தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன. பழுதைக் கண்டுபிடிப்பதும், ஒழுகலைத் தற்காலிகமாக நிறுத்துவதும் உரிமையாளரின் கைக்கு எட்டுபவை. டேஷ்போர்டைக் கழற்றுவது அப்படியல்ல. அதில் காயம் படும் அபாயம் மட்டுமல்ல, கையில் இருக்கும் சட்டப் பிடியும் நழுவும் அபாயம் இருக்கிறது.

முதலில் கண்டுபிடிப்பு. முன்சீட்டுப் பயணியின் காலடி விரிப்பு ஈரமாக இருந்தால் உடனே ஹீட்டர் கோர் மேல் பழிபோட வேண்டாம். ஏசியின் வடிகுழாயில் தூசி அடைத்தாலும் அதே இடத்தில்தான் தண்ணீர் சேரும். அது செலவே இல்லாத பழுது. வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தால் ஏசி தண்ணீருக்கு நிறமோ பிசுபிசுப்போ இருக்காது. கூலன்ட் என்றால் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை விழும், விரலில் வழுக்கும், இனிப்பான வாடை அடிக்கும். முன்கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் படலம் போல மங்கி, துடைத்தும் போகாமல் இருப்பது இன்னொரு அடையாளம். பானட்டுக்குள் இருக்கும் டப்பாவில் கூலன்ட் மட்டத்தைப் பேனாவால் குறித்துவைத்து, எஞ்சின் முழுதும் ஆறிய நிலையில் நாலைந்து காலை பார்த்தால் சந்தேகம் தீரும். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் மட்டம் மட்டும் இறங்கினால் ஒழுகல் உள்ளேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹெட் கேஸ்கெட்டும் அப்படிக் குடிக்கும். ஆனால் ஈரமும் வாடையும் கூட இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஹீட்டர் கோர்தான். நாக்கில் வைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

அந்த இனிப்புக்குப் பெயர் எத்திலீன் கிளைகால். குடித்தால் முதல் சில மணி நேரம் போதை ஏறியவர் போலத் தள்ளாட்டம் இருக்கும்; அதனால் விஷம் என்று வீட்டாருக்குத் தோன்றாமலே போகலாம். பிறகு அது உடலுக்குள் அமிலங்களாக மாறி, சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்களாகப் படிந்து அதைச் செயலிழக்க வைக்கிறது. மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும், சீக்கிரம் போனால். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108ஐ அழைத்து, கூலன்ட் டப்பாவையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். வடித்த கூலன்ட்டைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைப்பதும் தெருவில் ஊற்றுவதும் இதனால்தான் ஆபத்து. குழந்தை குடித்துவிடும், தெருநாய் நக்கிவிடும்.

கழற்றும் வேலைக்கு வருவோம். ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். சூடாக இருக்கும்போது ஹோஸைத் தளர்த்தினால் அடுத்த நொடி அது முகத்தில்தான் பீறிடும். இதை ஆறவிட்டுத் தவிர்க்கலாம். ஏர்பேக் அப்படிப்பட்டதல்ல. டேஷ்போர்டை இறக்க, பயணி பக்கத்து ஏர்பேக்கையும் பல கார்களில் ஸ்டீயரிங் தண்டையும் தொட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகும் அந்தச் சுற்றில் சிறிது நேரம் மின்சாரம் தங்கும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது மாடலுக்கு மாடல் வேறு, அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில்தான் இருக்கும். 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதிய கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். ஆகவே இது சொகுசுக் கார்க்காரர்களின் கவலை மட்டுமல்ல. மூன்றாவது, ஏசி. பெட்டி முழுவதையும் வெளியே எடுக்க வேண்டிய மாடல்களில் ஏசி குழாய்களையும் பிரிக்க வேண்டும். உள்ளிருக்கும் ஆர்-134ஏ வாயு மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. தோலில் பட்டால் உறைபுண். வெளியே விட்டால், கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் பொருள் அது. அதை உறிஞ்சிச் சேமிக்கும் கருவி வீட்டில் இருக்காது.

"வெளிநாட்டில் எல்லோரும் வீட்டிலேயே செய்கிறார்களே" என்பார்கள். செய்கிறார்கள். கையுறைப் பெட்டியைக் கழற்றி, இரண்டு குழாய்களைப் பிரித்து, கோரைப் பக்கவாட்டில் உருவி எடுக்கும்படி அமைந்த மாடல்கள் உண்டு. அப்படி அமைந்த காரும், கையேடும், கை பழகியவரும் சேர்ந்தால் செய்யலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் வீடியோவில் பார்த்த கார் நம்முடைய கார்தானா என்பதை, பாதி பிரித்த பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை. கோரை எடுத்தபின் ஒட்டிச் சரிசெய்யலாம் என்பதும் பழைய கணக்கு. செம்பு, பித்தளைக் கோர்களுக்கு ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்து அடைத்தார்கள், அது நின்றது. இன்றைய அலுமினியக் கோரில் எபாக்ஸி பசை சூட்டையும் அழுத்தத்தையும் மாறி மாறித் தாங்காது. டேஷ்போர்டை இறக்கும் அளவு கூலி கொடுத்தபின் பழைய கோரையே ஒட்டி மாட்டுவது சிக்கனமாகாது. மஞ்சள் தூளும் ஸ்டாப்-லீக் மருந்தும் ஒழுகலை அடைக்கும்போது நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். நடுவழியில் நின்றுபோனவருக்கு அது உதவலாம், அவ்வளவே.

ஒழுகலை நிறுத்த வீட்டிலேயே செய்யக்கூடிய நேர்மையான வழி பைபாஸ். எஞ்சின் ஆறியபின், கோருக்குள் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் எஞ்சின் பக்கத்திலேயே பிரித்து, சரியான அளவு இணைப்புக் குழாயும் ஹோஸ் கிளிப்பும் வைத்து ஒன்றோடொன்று சேர்த்துவிடுவது. இரண்டையும் தனித்தனியே அடைப்பதைவிட இப்படி இணைப்பது மேல். சில எஞ்சின்களில் அந்த ஓட்டம் தெர்மோஸ்டாட்டின் வேலைக்குத் தேவை. பிறகு கூலன்ட் நிரப்பி, சுற்றில் சிக்கிய காற்றை வெளியேற்றி, சூட்டு முள்ளைக் கவனித்தபடி சிறிது தூரம் ஓட்ட வேண்டும். சமவெளியில் கண்ணாடிப் பனியை ஏசியே போக்கிவிடும் என்பதால் மாதக்கணக்கில் சமாளிக்கலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் மார்கழிக்கு முன் கோரை மாற்றிவிடுவது நல்லது. ஒழுகலை அப்படியே விட்டு ஓட்டுவதுதான் மிக விலை கூடிய முடிவு. கூலன்ட் வற்றி எஞ்சின் இறுகினால், இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் விலக்கும் வழக்கமான மோட்டார் காப்பீட்டில் கைக்கு ஒன்றும் வராது.

இனி சட்டப் பிடி. வாரண்டி காலத்தில் உள்ள கார் என்றால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுத்தில் புகார் கொடுப்பதுதான் வழி. வாரண்டி முடிந்திருந்தால் ஷோரூம் ஒன்றே கதி என்பதில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களை வெளிச்சந்தைக்குத் தராததும், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று மிரட்டியதும் அதற்குக் காரணங்கள். வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனாலும், வெளிப் பட்டறைக்குப் போவது குற்றமல்ல என்று வாதிட அந்த உத்தரவு கைகொடுக்கிறது. அங்கே கேட்டு வாங்க வேண்டியவை: கூலியும் பாகமும் தனித்தனியாக எழுதிய எஸ்டிமேட், பில், கழற்றிய பழைய கோர். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. பழைய கோர் பழைய இரும்புக்குப் போக வேண்டிய பொருள் அல்ல. நல்ல கோரை மாற்றினார்களா, கெட்டதையா என்பதற்கு அதுதான் சாட்சி. அதைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றழுத்தம் கொடுத்தால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வீட்டில் நாமே பிரித்துப் பசை தடவிய கோருக்கு அந்த மதிப்பு இல்லை. எதிர்த்தரப்பு முதலில் கேட்பதே யார் கைவைத்தது என்றுதான்.

"ஐயாயிரம் பத்தாயிரத்துக்கு யார் கோர்ட்டுக்கு அலைவது?" என்ற அலுப்பு நியாயமானது, சட்டம் சொல்லும் 3 மாதக் கெடுவைத் தாண்டி வழக்குகள் இழுப்பதும் உண்மை. ஆனால் முதல் படி வழக்கு அல்ல, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு. பில்லோடு பேசுபவரிடம் பட்டறைக்காரர் பெரும்பாலும் அதற்கு முன்பே இறங்கி வருவார்.

பட்டறைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புதுக் கோர் மாட்டிய பின்னும் வாடை அடிக்கிறது, கண்ணாடி மங்குகிறது என்று சண்டைக்குப் போகுமுன் காலடி விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதன் கீழிருக்கும் பஞ்சு கூலன்ட்டை உறிஞ்சிவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஆவி விடும். அதை வெளியே எடுத்து, வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, வெயிலில் காயப்போட்டு மாட்டியபின் டப்பாவின் மட்டத்தை மறுபடி குறித்துவைத்துப் பார்க்கலாம்; மட்டம் இறங்காவிட்டால் கோரில் குறையில்லை.