ஏழு நாள் பத்தியமும் எடைக் கணக்கும்

உடற்பருமனை விரைவில் குறைப்பதாகக் கூறும் பத்திய முறைகள் பட்டணங்களைத் தாண்டி, இப்பொழுது நம் நெசவூர்களுக்கும் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. கைப்பேசியில் பரவும் செய்திகளும், வீடு தேடி வந்து சத்து மாவு விற்பவர்களும், பத்து நாளில் இத்தனை கிலோ குறையும் என்று சத்தியம் செய்கின்றனர். நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்து வேலை செய்யும் அங்கத்தினர்களுக்கும், உழவு வேலையில் பெரும் பகுதியை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்ட விவசாய அங்கத்தினர்களுக்கும் வயிற்றுப் பருமனும், அதனைத் தொடர்ந்து வரும் நீரிழிவும், இரத்தக் கொதிப்பும் இன்று புதியவை அல்ல. ஆகவே, இம்முறைகளால் மெய்யாகவே பயன் உண்டா என்று விசாரிப்பது நம் பத்திரிகைக்குப் புறம்பான விஷயம் ஆகாது. நான் வைத்தியன் அல்லன். கணக்குப் பார்ப்பது என் உத்தியோகம். ஆனால் இவ்விஷயத்திலும் முதலில் பார்க்க வேண்டியது கணக்குத்தான்.

தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டுள்ள 'ஜி.எம். டயட்' என்னும் ஏழு நாள் பத்தியத்தை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் வாழைப்பழம் நீங்கலாகப் பழங்கள் மட்டும். இரண்டாம் நாள் காய்கறிகள். மூன்றாம் நாள் இவ்விரண்டும். நான்காம் நாள் வாழைப்பழமும் பாலும். அதன் பின்னர் தக்காளியோடு இறைச்சி, சைவர்களாயின் முளைகட்டிய பயறோ பன்னீரோ. கடைசி நாளில் சிறிது சோறும் பழரசமும். அமெரிக்காவிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1985-இல் தன் தொழிலாளர்களுக்கென்று இதனை வகுத்ததாக ஒரு கதையும் கூடவே உலவுகிறது. அதற்குத் தக்க ஆதாரம் எதுவும் காட்டப்பட்டதில்லை. கதை எப்படியாயினும், ஏழு நாளில் ஐந்து முதல் ஏழு கிலோ வரை குறையும் என்பதே வாக்குறுதி.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சக்தி அடங்கியிருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, நடுத்தர உழைப்புடைய ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,710 கலோரியும், பெண் ஒருவருக்கு 2,130 கலோரியும் தேவை. அந்த ஆண் ஏழு நாளும் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாமல், தம் வழக்கமான வேலையையும் விடாமல் செய்துவருகிறார் என்று கொள்வோம். அவருடைய ஒரு வாரச் செலவு 18,970 கலோரி. அத்தனையும் கொழுப்பிலிருந்தே எடுக்கப்பட்டாலும் கரையும் கொழுப்பு இரண்டரைக் கிலோவை எட்டாது. இது முழுப் பட்டினியின் கணக்கு. பத்தியத்தில் நாளொன்றுக்கு 1,000 கலோரியாவது உட்செல்லும் என்று வைத்தால், ஆணுக்கு ஒன்றரைக் கிலோவும் பெண்ணுக்கு ஒரு கிலோவும் கரையலாம். ஆகவே, ஐந்து கிலோ குறைந்ததாகத் தராசு காட்டுமாயின், மீதி மூன்றரைக் கிலோவுக்கு வேறு தலைப்பில்தான் பற்று எழுத வேண்டும்.

அந்த மீதியில் பெரும்பகுதி நீர். நாம் உண்ணும் சோற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை உடல், கிளைக்கோஜன் என்ற பொருளாக மாற்றி, ஈரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்தே இருக்கும். கொழுப்பு நிரந்தர வைப்பு என்றால், கிளைக்கோஜன் கைரொக்கம். ஆகாரம் குறைந்தவுடன் உடல் முதலில் எடுத்துச் செலவிடுவது கைரொக்கத்தையே. அது தீரும்போது அதனோடு கட்டுண்ட நீரும் சிறுநீராக வெளியேறுகிறது. இவ்விதத்திலேயே இரண்டு கிலோ வரை குறைய இடமுண்டு. உப்பு குறைவதனால் இறங்கும் நீரும், குடல் காலியாவதனால் குறையும் எடையும் இதற்கு மேல். மெலிந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் எட்டாம் நாள் வழக்கம்போல் சோறு உண்டால், கிளைக்கோஜனும் நீரும் இரண்டொரு நாளில் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

நம் அங்கத்தினர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. மழைக்காலத்தில் நிறுத்த நூலும் கோடையில் நிறுத்த நூலும் எடையில் ஒன்றாயிருப்பதில்லை. அதனால்தான் பருத்தி நூலுக்கு உலர்ந்த எடையின்மேல் 8.5 சதவிகிதம் ஈரம் என்று வர்த்தகத்தில் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். நெல் கொள்முதலிலும் பொதுவாக 17 சதவிகிதம் வரையே ஈரப்பதம் ஏற்கப்படுகிறது. களத்தில் காய்ந்த நெல் எடை குறைந்ததைக் கண்டு, மணி குறைந்துவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை.

எடை குறைந்தது நீரினால்தான் என்றால், பத்தியத்தைப் பல வாரங்கள் நீட்டினால் கொழுப்பும் கரையுமே என்று கேட்கலாம். கரையும், அதில் ஐயமில்லை. ஆனால் அப்போது உடல் சும்மா இருப்பதில்லை. வரவு குறைந்தால் குடும்பஸ்தன் செலவைச் சுருக்குவதுபோல் உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. இதனை மிகத் தெளிவாகக் காட்டியது, அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்பவர் 1944, 1945 ஆம் ஆண்டுகளில் நடத்திய சோதனை. போருக்குச் செல்ல மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதற்கு உட்பட்டனர். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி அளவில் உணவளிக்கப்பட்டது. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு மந்தமாயிற்று, வெயிற்காலத்திலும் குளிர்ந்தது, எப்பொழுதும் ஆகாரத்தின் நினைவேயாகி, சமையற் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தவர்களும் உண்டு. பிறகு தாராளமாக உண்ண அனுமதித்தபோது, தசை முழுவதும் மீளுமுன்னரே கொழுப்பு முந்திக்கொண்டு வந்து, பழைய அளவையும் கடந்தது. இன்று பத்தியம் என்ற பெயரில் விற்கப்படும் முறைகளில் பல, அன்று அரைப் பட்டினி என்று பெயரிடப்பட்ட அந்த 1,570 கலோரியைவிடவும் குறைவானவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்பையே பந்தயமாக்கி நடத்திய 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற நிகழ்ச்சியின் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்த முடிவு 2016-இல் வெளியாயிற்று. முப்பது வாரங்களில் சராசரி 58 கிலோ இழந்த அவர்கள், 41 கிலோவை மீண்டும் பெற்றிருந்தனர். அது மட்டுமன்று, ஓய்வாயிருக்கும்போது அவர்களுடைய உடல் செலவிடும் சக்தி, அவர்கள் எடைக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே அப்போதும் இருந்தது. எடை திரும்பிய பிறகும் சிக்கனம் நீங்கவில்லை!

இவற்றைக் கொண்டு, மெதுவாகக் குறைத்த எடையே நிலைக்கும், விரைவாகக் குறைத்தது நிலைக்காது என்று பலர் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அதுவும் சரியான கணக்கன்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 200 பேரை இரு பிரிவாக்கி நடத்தி, 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பிரிவினர் 12 வாரங்களிலும் மற்றவர் 36 வாரங்களிலும் எடை குறைத்தனர். குறித்த இலக்கை எட்டியவர்கள் விரைவுப் பிரிவில் 81 சதவிகிதம். மெதுவான பிரிவில் 50 சதவிகிதமே. ஆயினும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, இலக்கை எட்டியவர்களில் இரு பிரிவினருமே இழந்ததில் சுமார் 71 சதவிகிதத்தைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஆக, குறைத்த வேகத்தைவிட, குறைத்த பின் என்ன செய்தார்கள் என்பதே பெரிதாகிறது.

விரைவான முறை நற்பலன் தந்த இடமும் உண்டு. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்தின் டைன்சைடிலும் நீரிழிவு நோயாளிகள் 306 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முதல் முடிவு 2017-இல் வெளியாயிற்று. அவர்களில் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதங்கள் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி உள்ள பூரணச் சத்துப் பானம் மட்டும் தரப்பட்டது. ஓராண்டு முடிவில் இவர்களில் 46 சதவிகிதம் பேருக்கு மருந்தில்லாமலே நீரிழிவு அடங்கியிருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அது 36 சதவிகிதமாயிற்று. இந்தப் பலனைக் காட்டி மாவு டப்பா விற்பவர்கள், அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. அந்நோயாளிகளின் நீரிழிவு மாத்திரைகளும் இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் வைத்திய மேற்பார்வையில் முதல் நாளே நிறுத்தப்பட்டன. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சேர்க்கப்படவே இல்லை. பானம் முடிந்ததும் வழக்கமான உணவு பல வாரங்களில் படிப்படியாகத்தான் திரும்பியது. அதன் பின்னும் மாதந்தோறும் வரவழைத்துப் பார்த்தார்கள். டப்பாவோடு இவையெல்லாம் வருவதில்லை.

நீரிழிவுக்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் ஆகாரத்தைக் குறைத்தால், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, கை நடுக்கம், மனக் குழப்பம், பிறகு மயக்கம். விசைத்தறியின் அருகிலோ கிணற்றுமேட்டிலோ இது நேர்ந்தால் என்னாகும் என்று எழுத வேண்டியதில்லை. விரைவாக மெலிபவர்களுக்குப் பித்தப்பையில் கற்கள் உண்டாவதும் சாதாரணம். அமெரிக்காவில் 1976, 1977 ஆம் ஆண்டுகளில் திரவப் புரதம் ஒன்றையே உணவாகக் கொண்டு மெலியும் முறை பிரசித்தி பெற்றபோது, அதனைக் கைக்கொண்டவர்களில் ஏறத்தாழ 60 பேர் இறந்ததாகத் தகவல் பதிவாயிற்று. பலருக்கு இதயத் துடிப்பு சீர்குலைந்ததே காரணம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வளரும் பிள்ளைகளும் இத்தகைய பத்தியங்களை நெருங்கவே கூடாது.

இழக்கும் எடையில் தசையும் ஒரு பகுதி என்பது உழைத்துப் பிழைப்பவர்களுக்கு இன்னொரு நஷ்டம். மிதியை மிதிக்கும் காலும், மண்வெட்டி பிடிக்கும் கையும் நம் அங்கத்தினர்களின் மூலதனம் அல்லவா? பழமும் காய்கறியுமாகச் சில நாள் கழிப்பதில் புரதம் மிகக் குறைவு. ஆகவே குறைக்க விரும்புபவர்கள் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அவ்விடத்தைப் பருப்பு, பயறு, முட்டை, மீன், மோர், கீரை ஆகியவற்றால் நிரப்புவதும், தறியில் சர்க்கரை போட்ட தேநீர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதும், மாலையில் நடப்பதும் தகும். நாளொன்றுக்கு 500 கலோரி குறைந்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். நாளாக ஆக அந்த வேகமும் தணியும். மாதம் ஒன்றரைக் கிலோ என்பது விளம்பரத்துக்கு உதவாத எண்தான்.

தராசில் தினந்தோறும் ஏறி இறங்குவதால் நீரின் ஏற்ற இறக்கமே தெரியும். வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றோடு நிறுப்பது போதும். அதனோடு இடுப்பளவையும் தொப்புள் மட்டத்தில் அளந்து தேதியிட்டுக் குறித்துவர வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் மேல் வரம்பு என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். இதற்குத் தையற்காரரின் அளவு நாடா ஒன்று இருந்தால் போதும்.